ஆடற்கலையும் உயிர் இரக்கமும்
(ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரின் வாழ்க்கை)

கொல்லாமையைப் பிறப்பிலேயே பெற்றவர் பலர். அதனைத் தம் அறிவாலும் முயற்சியாலும் மீண்டும் ஒருமுறை தமதாக்கிக் கொண்டவர் சிலரே. வீட்டுச் சமையலறையில் புலால் இல்லாதிருப்பது பெரிய காரியமன்று. கடல் கடந்து, வேற்று மக்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து, நட்பையும் இழவாது நெறியையும் இழவாது வாழ்வதே சோதனை. அச்சோதனையில் தேறியதோடு நில்லாமல், வாயற்ற உயிர்களுக்காக நாட்டின் சட்டத்தையே ஆக்குவித்த ஒரு கலையரசியின் வாழ்க்கையை இவ்விதழில் நம் வாசகர்க்கு வழங்க விரும்புகிறோம். அவர் சமணர் அல்லர். ஆயினும் அவருடைய பணி நம் நெஞ்சுக்கு மிக அணித்தானது.

பிறப்பும் வளர்ப்பும்

ருக்மிணி தேவி 1904ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29ஆம் நாள் மதுரையில் பிறந்தார். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையே வரும் நாள் அது. தந்தையார் நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறையில் பொறியாளர். தாயார் சேஷம்மாள் இசை மணம் கமழும் திருவையாற்றைச் சார்ந்தவர். தந்தையார் பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டவராதலின், ஓய்வு பெற்றபின் சென்னை அடையாற்றில் அச்சபையின் வளாகத்தை ஒட்டி இல்லம் அமைத்துக் குடியேறினார். மூத்த சகோதரர் ஸ்ரீராம் பிற்காலத்தில் அச்சபையின் உலகத் தலைவராக விளங்கினார்.

அந்நாளில் அடையாறு ஒரு சிறிய உலகமாகவே இருந்தது. ஆங்கிலேயரும் ஐரோப்பியரும் அமெரிக்கரும் அங்கு வந்து தங்கினர். சபையின் ஆண்டு மாநாடுகளில் பல சமயத்தாரின் பிரார்த்தனைகளும் ஓதப்பெறும். ஜைனப் பிரார்த்தனையும் அவற்றுள் ஒன்று. புலால் உண்ணும் நாடுகளிற் பிறந்தோர், தம் விருப்பத்தால் அதனை விடுத்து மரக்கறி உணவை மேற்கொண்டு வாழ்வதை இளம் ருக்மிணி கண் முன்னே கண்டார். குலவழக்கமாக வந்த உணவை அவர் உடையவர். ஆராய்ந்து தேர்ந்த உணவை அவர்கள் உடையவர்கள். இவ்விரண்டும் ஒரே பந்தியில் சந்தித்த இடத்தில் வளர்ந்தது அவர் பெற்ற பேறு என்றே சொல்ல வேண்டும்.

திருமணமும் பயணங்களும்

அன்னி பெசண்ட் அம்மையாரின் அணுக்கத் தொண்டரும் கல்வியாளருமான ஜார்ஜ் அருண்டேல் என்னும் ஆங்கிலேயரை 1920இல் ருக்மிணி தேவி மணந்தார். மணமகளுக்கு வயது பதினாறு; மணமகனோ நாற்பதைக் கடந்தவர். சென்னையின் வைதிகச் சமூகம் கொதித்தெழுந்தது. ஏச்சும் எதிர்ப்பும் நாளிதழ்கள் வரை சென்றன. அவற்றைத் தாங்கும் உறுதியை அம்மையார் இளமையிலேயே பழகினார்.

பின்னர்ப் பயணங்கள் தொடங்கின. கணவருடன் ஐரோப்பிய நாடுகளுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்றார். 1923இல் அகில இந்திய இளம் பிரம்மஞானியர் சங்கத்துக்கும், 1925இல் அதன் உலகச் சங்கத்துக்கும் தலைவரானார். அந்நாளில் வானூர்திப் பயணம் பொதுவழக்கில் இல்லை. பம்பாயில் கப்பலேறினால் வாரக்கணக்கில் கடல்மேல் வாழ வேண்டும். கப்பலின் சமையலறையே கதி. வெளிநாடு சென்று படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இன்று எங்கும் காய்கறி உணவகங்கள் உள்ளன. பொதிந்த உணவின் மேல் பச்சைப் புள்ளி அடையாளமும் இந்தியாவில் உண்டு. அவை ஒன்றும் இல்லாத காலத்தில் ஒருவர் உலகைச் சுற்றியும் புலால் மறுத்து நின்றார் என்பதை நம் இளைஞர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடலிடை வாய்த்த நட்பு

உருசிய நாட்டின் புகழ் பெற்ற ஆடலரசி அன்னா பாவ்லோவா 1928இல் இந்தியாவுக்கு வந்தபோது, பம்பாயில் அவருடைய ஆடலை அருண்டேல் தம்பதியர் கண்டு வியந்தனர். அதன்பின் அவர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட கப்பலிலேயே பாவ்லோவாவும் தம் குழுவினருடன் பயணம் செய்தார். அக்கடற்பயணம் இருவரையும் தோழியர் ஆக்கியது. ஒருவர் மேலை நாட்டு ஆடலின் சிகரம். மற்றவர் இன்னும் ஆடத் தொடங்காத இளம்பெண். வயது, நாடு, பழக்கம் யாவும் வேறு. ஆயினும் அன்பு தடைப்படவில்லை.

பாவ்லோவா தம் குழுவைச் சார்ந்த கிளியோ நோர்டி என்பவரைக் கொண்டு ருக்மிணி தேவிக்கு மேலை ஆடலைக் கற்பிக்கச் செய்தார். அத்துடன், இந்தியாவின் பண்டைய ஆடற்கலையைத் தேடிக் காணுமாறும் தூண்டினார். அன்னத்தின் இறுதி மூச்சைச் சித்திரிக்கும் ஆடலால் உலகப் புகழ் எய்திய பாவ்லோவா, இலண்டனில் தம் இல்லத்துக் குளத்தில் அன்னங்களை வளர்த்தவர். ஓர் உயிரின் துயரைத் தன் உடலால் உணர்த்தும் கலை அவருடையது. பின்னாளில் உயிர்களின் துயரை நாடாளுமன்றத்தில் எடுத்துரைக்கப் போகும் ஒருவருக்கு அத்தகைய தோழி வாய்த்ததை நாம் மகிழ்ச்சியுடன் நினைக்கிறோம். பாவ்லோவா 1931 ஜனவரியில் மறைந்தார். அவர் ஏற்றிய விளக்கு அடையாற்றில் எரிந்தது.

இங்கு நாம் ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறோம். நண்பரின் இலையில் என்ன இருக்கிறது என்று பார்த்து நட்புக் கொள்வது ஒரு வழி. நண்பருக்காகத் தன் இலையை மாற்றிக் கொள்வது மற்றொரு வழி. அம்மையார் இவ்விரண்டையும் ஏற்கவில்லை. நட்புக்கு எல்லை வகுக்கவில்லை. நெறிக்கு விலக்கும் அளிக்கவில்லை.

ஆடரங்கில்

நாடு திரும்பியபின், 1930களின் தொடக்கத்தில் சென்னை மியூசிக் அகாதெமியில் சதிராட்டம் கண்டு அம்மையார் மனம் பறிகொடுத்தார். தேவதாசியர் குலத்துக் கலை என்று பலரும் இகழ்ந்து ஒதுக்கிய காலம் அது. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடமும் கற்று, 1935 டிசம்பரில் பிரம்மஞான சபையின் வைர விழாவில் அரங்கேறினார். அப்போது வயது முப்பத்தொன்று. மறுபடியும் எதிர்ப்பு, மறுபடியும் உறுதி. அக்கலையைக் காத்து வந்த குலத்துப் பெண்களுக்கு உரிய இடம் கிட்டவில்லை என்ற வருத்தம் இன்றும் பேசப்படுகிறது. அதுவும் மறக்கத் தக்கதன்று.

1936 ஜனவரியில் கலாக்ஷேத்திரம் தோன்றியது. டைகர் வரதாச்சாரியார், பாபநாசம் சிவன், மைசூர் வாசுதேவாச்சாரியார் போன்ற பெருமக்கள் அங்கு ஆசிரியராயினர். குற்றாலக் குறவஞ்சியும் ஆறு பகுதிகளாக அமைந்த இராமாயணமும் நாட்டிய நாடகங்களாக மலர்ந்தன. ஆலமர நிழலில் காலைப் பிரார்த்தனை, மரக்கறி உணவு, எளிய உடை என்னும் ஒழுங்கில் பல மாநிலத்தாரும் பல நாட்டாரும் ஒன்றாய்ப் பயின்றனர். 1945இல் கணவர் மறைந்தபின்னும் பணி தளரவில்லை. 1962இல் நிலையம் திருவான்மியூரில் தன் சொந்த இடத்துக்குப் பெயர்ந்தது. நாடாளுமன்றம் 1993இல் இயற்றிய சட்டத்தால் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று.

மாநிலங்களவையில்

1952இல் குடியரசுத் தலைவரால் மாநிலங்களவைக்கு நியமிக்கப் பெற்ற அம்மையார், 1962 வரை உறுப்பினராக இருந்தார். கலைஞர் என்ற முறையில் அவையேறிய அவர், கலைக்குச் சலுகை கேட்பார் என்றே பலரும் எண்ணியிருப்பர். அவரோ விலங்குகளுக்காக எழுந்து நின்றார்.

அப்போது நடைமுறையில் இருந்தது ஆங்கிலேயர் 1890இல் இயற்றிய பழஞ்சட்டம். அதன் போதாமையைக் கண்ட அம்மையார், விலங்குவதைத் தடுப்பு மசோதா ஒன்றைத் தனி உறுப்பினராகக் கொணர்ந்தார். 1954இல் அது அவையில் விவாதத்துக்கு வந்தது. பிரதமர் ஜவஹர்லால் நேரு அவருடைய நோக்கத்தைப் பாராட்டி, அரசே ஒரு குழு அமைத்து முழுமையான சட்டம் கொணரும் என்று உறுதியளித்து, மசோதாவைத் திரும்பப் பெறுமாறு வேண்டினார்.

இங்கேதான் அவருடைய வாழ்வின் பெரிய சோதனை. தம் மசோதாவைப் பற்றிக் கொண்டு நின்றால் அது தோற்கலாம். விட்டுக் கொடுத்தால் அரசின் சட்டம் நீர்த்துப் போகலாம். அம்மையார் திரும்பப் பெற்றார். ஆனால் அதனை மறந்துவிட இடங்கொடுக்கவில்லை. 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தின் நான்காம் பிரிவின்படி இந்திய விலங்குகள் நல வாரியம் 1962இல் அமைந்தது. அதன் முதல் தலைவர் அவரே. வாரியத்தின் தலைமையிடம் பல பத்தாண்டுகள் சென்னையிலேயே இருந்தது தமிழ்நாட்டுக்குப் பெருமை.

அச்சட்டம் அவர் விரும்பிய முழு நிலவன்று, பிறை. உணவுக்காகக் கொல்லுதலை அது குற்றமாக்கவில்லை. சமயச் சடங்கின் முறைப்படி கொல்லுதலுக்கும் இருபத்தெட்டாம் பிரிவு விலக்களித்தது. ஆய்வுக்கூடச் சோதனைகளைத் தடுக்காமல், கண்காணிக்க ஒரு குழுவை மட்டும் ஏற்படுத்தியது. முதற் குற்றத்துக்கு அபராதம் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாது. இவ்வளவு குறைகளோடும் அதனை ஏற்றது சரியா என்று கேட்போர் உண்டு. அளவுக்கு மிஞ்சிய சுமையை வண்டிமாட்டின் மேல் ஏற்றுதலும், பட்டினி போட்டு அடைத்து வைத்தலும், வித்தை காட்டப் பழக்கும்போது வதைத்தலும் நாட்டின் சட்டத்தின் முன் கேள்விக்கு உள்ளாயின என்பதே நாம் காணும் விடை. மாவிரதம் ஏற்க இயலாதோர்க்கு அணுவிரதம் வகுத்த மரபினர் நாம். சிறிதாயினும் உறுதியாக ஏற்ற விரதத்தின் மதிப்பை நாம் அறிவோம்.

பந்தியும் பயணமும்

1908இல் தோன்றிய உலகச் சைவ உணவாளர் ஒன்றியம் 1955இல் அம்மையாரைத் துணைத்தலைவராக ஏற்றது. மறையும் வரை அப்பொறுப்பில் இருந்தார். அவ்வொன்றியத்தின் பதினைந்தாம் மாநாடு 1957இல் இந்தியாவில் நடந்தது. ஒரே ஊரில் கூடிக் கலையாமல் பம்பாய், டெல்லி, கல்கத்தா, சென்னை என நகர் நகராகச் சென்ற மாநாடு அது. தத்தம் நாட்டில் சிறுபான்மையராய், விருந்துகளில் விலகி நின்று பழகிய அயல்நாட்டார்க்கு, ஊர் முழுதும் புலாலற்ற பந்திகள் விரிந்த நாடு எத்தகைய வியப்பைத் தந்திருக்கும்! பயணமும் உணவும் நட்பும் ஒன்றாகும்போது அறம் இனிக்கிறது என்பதற்கு அது சான்று.

ஆய்வுக்கூடங்களுக்காக இந்தியக் குரங்குகள் ஆயிரக்கணக்கில் அயல்நாடுகளுக்கு அனுப்பப்பட்ட கொடுமையை எதிர்த்தோருள் அம்மையாரும் ஒருவர். அவ்வேற்றுமதியை இந்திய அரசு 1978இல் தடை செய்தது. அதற்கு முந்தைய ஆண்டில், பிரதமர் மொரார்ஜி தேசாய் குடியரசுத் தலைவர் பதவிக்கு அவர் பெயரை முன்மொழிய விரும்பினார். நாட்டின் முதற்குடிமகள் ஆகும் வாய்ப்பை வேண்டாமென்று கூறி, அம்மையார் தம் மாணவர்களிடமே தங்கினார்.

நாம் எண்ண வேண்டியது

புகழுரை மட்டும் எழுதுவது நம் நோக்கமன்று. கலாக்ஷேத்திரத்தின் பெயரை நாடறியச் செய்தவற்றுள் பட்டுப் புடவையும் ஒன்று. ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும். உள்ளிருக்கும் உயிரோடு அவை வெந்நீரில் இடப்படுகின்றன. ஆடலுக்குத் துணை நிற்கும் மிருதங்கமோ தோலால் ஆனது. உயிர்களுக்காக அவையில் வாதாடியவரின் அரங்கிலும் இவை இருந்தன. சுட்டிக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. நம் இல்லத் திருமணங்களிலும் மணமகள் உடுத்துவது பெரும்பாலும் பட்டே. இரவுண்ணாமை காக்கும் குடும்பங்களும் இதில் கண்ணை மூடிக் கொள்கின்றன. பெரியோர் ஒருவர் நடந்த தூரத்தை வணங்குவதோடு, அவர் நின்ற இடத்திலிருந்து ஓரடியேனும் முன்வைப்பதே அவருக்குச் செய்யும் உண்மையான நன்றி. பட்டில்லாத ஒரு திருமணம், நம் வீட்டிலிருந்தே தொடங்கலாம்.

ருக்மிணி தேவி அருண்டேல் 1986 பிப்ரவரி 24ஆம் நாள் சென்னையில் மறைந்தார். வேலை நிமித்தம் வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழும் நம் மக்கள், நண்பர்களோடு உணவகம் செல்லவும் விருந்துகளில் கலந்து மகிழவும் நேர்கிறது. கலகலப்பாக இருங்கள், எவரையும் இகழாதீர்கள், உங்கள் இலையை மட்டும் தூய்மையாக வைத்திருங்கள். கேட்பவர்க்குக் காரணத்தை இனிமையாகச் சொல்லுங்கள். கடல்களைக் கடந்தும் அதைச் செய்து காட்டிய ஓர் அம்மையார் நம் நாட்டில் வாழ்ந்தார் என்பதை நம் குழந்தைகளுக்குச் சொல்வோமாக.

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க!