டாக்டர் சுப்பாராவ்

கோதாவரி நாட்டுப் பீமவரத்தில் 1895-ஆம் ஆண்டு தோன்றிய எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். ஸ்புரூ என்னும் கொடிய குடல்நோய் அவர்தம் சகோதரர் இருவரைக் கவர்ந்து சென்றது. அத்துயரம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை.

அமெரிக்கா சென்று, மருத்துவமனையில் எளிய ஊழியஞ் செய்து வயிறு வளர்த்தவாறே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தார். ஆசிரியர் ஃபிஸ்கேயுடன் கூடி, உடற்பொருள்களிலுள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-இல் வகுத்தார். தசைக்கு ஆற்றல் தரும் பொருள்களையும் பின்னர்க் கண்டார். 1930-இல் உயிர்வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்றும் அங்கு நிலையான பதவி கிட்டவில்லை.

1940-இல் லெடர்லி ஆய்வுக்கூடம் புகுந்தார். அவர் தலைமையில் 1945-இல் ஃபோலிக் அமிலம் ஆக்கப்பெற்றது. ஸ்புரூ நோய்க்கு அஃது மருந்தாயிற்று. தமிழ்நாட்டில் பின்னாளில் வீடுதோறும் வழங்கப்பெற்ற யானைக்கால் நோய் மாத்திரையும் 1947-இல் அவர் குழுவினர் கண்டதே. மறு ஆண்டில் அவர் மறைந்தார். தம் இல்லத்துத் துயரம் பிறர் இல்லம் புகாது காத்ததே அவர் கற்ற கல்வியின் பயன்.