கோதாவில் ஆண்களைச் சாய்த்த ஹமிதா பானு

சுங்காய் – தாரா சிங், கிங்காங் என்று சொன்னாலே நம் வட்டாரத்தில் அறுபதைத் தாண்டிய பெரியவர்களின் முகம் மலர்ந்துவிடும். சுங்காய், பீடோர், சிலிம் ரீவர் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். குஸ்தி என்றால் அந்த இரண்டு பெயர்கள்தான் முதலில் வரும். தாரா சிங் 1940-களின் பிற்பகுதியில் வேலை தேடி சிங்கப்பூருக்கு வந்தவர். டிரம் செய்யும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே கிரேட் வேர்ல்ட் அரங்கில் குஸ்தி பழகியவர். கிங்காங்கும் சிங்கப்பூரையே தம் ஊராக்கிக் கொண்டவர். அதனால் இருவரையும் நம் ஆட்கள் என்றே அன்றைய தலைமுறை நினைத்தது.

தாரா சிங்கின் பெயர் பரவிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், இந்தியாவில் ஒரு பெண்மணி ஆண் பயில்வான்களை நேருக்கு நேர் கோதாவுக்கு அழைத்து, மண்ணைக் கவ்வ வைத்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் ஹமிதா பானு. இந்தியாவின் முதல் தொழில்முறைப் பெண் மல்யுத்த வீராங்கனை என்று இன்று பலரும் குறிப்பிடுவது இவரைத்தான்.

ஹமிதா பானு வட இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்தவர். சொந்த ஊர் மிர்சாப்பூர். அங்கே குஸ்திக் கூடம் என்பது ஆண்களின் இடம். ஒரு பெண் வந்து மண்ணில் இறங்குவதை உள்ளூர்ப் பயில்வான்கள் விரும்பவில்லை. ஊர் இடம் கொடுக்காததால் அவர் ஊரை விட்டார். அலிகார் நகருக்குப் போய், சலாம் பயில்வான் என்ற குஸ்தி ஆசானிடம் பயிற்சி பெற்றார். பின்னாளில் பத்திரிகைகள் அவரை அலிகாரின் அமேசான் என்று அழைத்தன. அமேசான் என்பது கிரேக்கப் பழங்கதைகளில் வரும் வீரப் பெண்களின் பெயர்.

1944-ஆம் ஆண்டிலேயே அவர் பெயருக்கு மவுசு வந்துவிட்டது. அந்த ஆண்டு மும்பையில் கூங்கா பயில்வானுடன் அவர் மோதுவதாக ஏற்பாடாகியிருந்தது. அதைப் பார்க்க 20,000 பேர் திரண்டதாக அன்றைய பத்திரிகை எழுதியது. ஆனால் கூங்கா பயில்வான் பணம் கூடுதலாக வேண்டும், தயாராக அவகாசம் வேண்டும் என்று நிபந்தனை மேல் நிபந்தனை போட்டார். கடைசியில் போட்டி ரத்தானது. ஆத்திரமடைந்த கூட்டம் அரங்கையே அடித்து நொறுக்கியது.

அவரை நாடறியச் செய்த ஆண்டு 1954. அப்போது அவர் முப்பது வயதைக் கடந்திருந்தார். அந்த ஆண்டு பிப்ரவரியில் அவர் விட்ட சவால் இதுதான்: எந்த ஆண் தன்னைக் கோதாவில் தோற்கடிக்கிறாரோ அவரையே மணந்துகொள்வார். அந்தக் காலத்தில் ஒரு பெண் இப்படிப் பகிரங்கமாகச் சொன்னால் சும்மா இருக்குமா ஊர்? ஊருக்கு ஊர் இதுவே பேச்சானது. பாட்டியாலாவைச் சேர்ந்த ஒரு வீரரும் கொல்கத்தாவைச் சேர்ந்த ஒரு வீரரும் வந்தார்கள். இருவருமே தோற்றுப் போனார்கள்.

மூன்றாவது போட்டி மே மாதம், குஜராத்தின் வடோதராவில். அப்போது அந்நகரின் பெயர் பரோடா. லாரிகளிலும் மற்ற வண்டிகளிலும் விளம்பரத் தட்டிகள் கட்டி ஊரையே கலக்கினார்கள். முதலில் மோத இருந்தவர் சோட்டா காமா பயில்வான். பரோடா மகாராஜாவின் ஆதரவு பெற்றவர். ஒரு பெண்ணோடு குஸ்தி போட மாட்டேன் என்று அவர் கடைசி நேரத்தில் விலகிக்கொண்டார். அவருக்குப் பதிலாக பாபா பயில்வான் இறங்கினார். மோதல் 1 நிமிடம் 34 விநாடியில் முடிந்துவிட்டது. ஹமிதா பானுவை மணக்கும் தகுதியை பாபா பயில்வான் இழந்துவிட்டார் என்று நடுவர் அறிவித்தார். அதோடு பாபா பயில்வான் குஸ்திக்கே முழுக்குப் போட்டார். அதற்குள் தாம் 300-க்கும் மேற்பட்ட போட்டிகளில் வென்றிருப்பதாக ஹமிதா பானு சொல்லிக்கொண்டார்.

அவருடைய சாப்பாடும் செய்தியானது. எடை 108 கிலோ. உயரம் ஐந்தேகால் அடி. ஒரு நாளைக்கு 5.6 லிட்டர் பால், 2.8 லிட்டர் சூப், 1.8 லிட்டர் பழச்சாறு, ஒரு கோழி, கிட்டத்தட்ட ஒரு கிலோ ஆட்டிறைச்சி, பாதாம் பருப்பு, அரை கிலோ வெண்ணெய், 6 முட்டை, இரண்டு பெரிய ரொட்டி, இரண்டு தட்டு பிரியாணி என்று பத்திரிகைகள் பட்டியல் போட்டன. தினமும் 9 மணி நேரத் தூக்கம், 6 மணி நேரப் பயிற்சி. சாப்பாட்டுக் கணக்கைப் படித்து வியந்தவர்கள் பலர். அந்த 6 மணி நேரத்தை நினைத்துப் பார்த்தவர்கள் குறைவு.

புகழ் வந்த அளவுக்கு எதிர்ப்பும் வந்தது. கோலாப்பூரில் ஒரு ஆண் வீரரை அவர் வென்றபோது கூட்டம் கூச்சலிட்டுக் கல்லெறிந்தது. நிலைமையைக் கட்டுப்படுத்தப் போலீஸ் வரவேண்டியதாயிற்று. புனேயில் ராம்சந்திர சாளுங்கே என்ற வீரருடன் நடக்க இருந்த போட்டி, மல்யுத்த அமைப்பின் ஆட்சேபத்தால் நின்றுபோனது. போட்டிகள் முன்பே பேசி வைத்தவை, ஆண்கள் வேண்டுமென்றே தோற்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. இதை நாம் மூடி மறைக்க வேண்டியதில்லை. அன்றைய தொழில்முறை குஸ்தி பாதி விளையாட்டு, பாதி வேடிக்கை. ஹமிதா பானுவின் போட்டிக்குப் பின் கால் ஊனமுற்ற ஒருவருக்கும் பார்வையற்ற ஒருவருக்கும் மோதல் என்று கூட்டம் சேர்த்த காலம் அது. ஆனால் ஆண்கள் மோதிய எத்தனையோ போட்டிகளிலும் இதே சந்தேகம் இருந்தது. அதற்காக யாரும் அவர்கள் மீது கல்லெறியவில்லை.

ஹமிதா பானு வாய்மூடி இருக்கவில்லை. அன்றைய பம்பாய் மாநில முதலமைச்சர் மொரார்ஜி தேசாயிடமே முறையிட்டார். அவர் பெண் என்பதற்காகப் போட்டியை நிறுத்தவில்லை, ஏற்பாட்டாளர்கள் அவருக்கு எதிராகப் பொம்மை ஆட்களை நிறுத்துவதாகப் புகார் வந்ததால்தான் நிறுத்தினோம் என்று பதில் வந்தது.

அதே 1954-இல் மும்பையில், ரஷ்யாவின் பெண் கரடி என்று பெயர் பெற்ற வேரா சிஸ்டிலினுடன் மோதினார். ஒரு நிமிடத்திற்குள் அந்த மோதலும் முடிந்தது. அடுத்து ஐரோப்பா சென்று அங்குள்ள வீரர்களுடன் மோதப் போவதாக அறிவித்தார். உலக மேடை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அதற்குப் பிறகு, ஹமிதா பானு என்ற பெயர் குஸ்திச் செய்திகளிலிருந்து மறைந்துவிட்டது.

என்ன நடந்தது? அவருடைய குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும் பல ஆண்டுகளுக்குப் பின் சொன்ன விவரம் மனதை உலுக்குகிறது. அவர் ஐரோப்பா போவதை ஆசானான சலாம் பயில்வான் விரும்பவில்லை. போகவிடாமல் தடுக்க அவரை அடித்துக் கையை முறித்துவிட்டார் என்கிறார் பேரன். காலிலும் அடிபட்டு, பல ஆண்டுகள் தடியை ஊன்றித்தான் நடந்தார் என்கிறார்கள் தெரிந்தவர்கள். இருவரும் கணவன் மனைவியா இல்லையா என்பதில் இரு தரப்பும் இன்றுவரை வெவ்வேறாகவே பேசுகிறது. கோதாவில் எந்த ஆணும் செய்ய முடியாததை, குஸ்தி சொல்லிக் கொடுத்த ஆளே வீட்டுக்குள் செய்துவிட்டார் என்பதுதான் குடும்பத்தின் சாட்சியம்.

சலாம் பயில்வான் பின்னர் அலிகாருக்கே திரும்பிவிட்டார். ஹமிதா பானு மும்பைக்கு அருகிலுள்ள கல்யாணில் தங்கிவிட்டார். பால் வியாபாரம் செய்தார். கையிலிருந்த கட்டடங்களை வாடகைக்கு விட்டார். பணம் போதாத காலத்தில் வீட்டில் பலகாரம் செய்து சாலையோரத்தில் விற்றார். ஒரு காலத்தில் 20,000 பேர் பார்க்கக் காத்திருந்த பெண்மணி, 1986-இல் அதே கல்யாணில் காலமானார்.

இதே காலத்தில் அமெரிக்காவில் நடந்ததையும் சேர்த்துப் பார்த்தால் இந்தக் கதை இன்னும் தெளிவாகும். அங்கே மில்ட்ரெட் பர்க் என்ற பெண்மணி 1937 முதல் பெண்கள் உலக வெற்றியாளராக இருந்தார். தொடக்க காலத்தில் ஆண்களோடும் மோதியவர். அவருடைய கணவர் பில்லி வுல்ஃப்தான் அவருக்கு மேலாளர். பெண்கள் குஸ்தி முழுவதும் அந்தக் கணவரின் பிடியில் இருந்தது. மணமுறிவுக்குப் பிறகு அந்தப் பிடி மில்ட்ரெட்டுக்கு எதிராகவே திரும்பியது. ஆனால் அவர் தனியாகச் சங்கம் அமைத்தார். 1954-இல் ஜப்பான் சென்று அங்கே பெண்கள் குஸ்திக்கு வழி திறந்து வைத்தார். இரு பெண்களும் ஒரே ஆண்டில் கடல் கடக்க நினைத்தார்கள். ஒருவரால் கப்பலேற முடிந்தது. இன்னொருவருக்குக் கை முறிந்தது.

2024 மே 4-ஆம் நாள் கூகுள் தன் முகப்புப் பக்கத்தில் ஹமிதா பானுவின் ஓவியத்தை வைத்தது. அன்றுதான் நம்மில் பலர் அவர் பெயரையே முதன்முதலாகக் கேட்டோம். அதற்குள் காலம் வெகுவாக மாறியிருந்தது. 2004-இல் பெண்கள் மல்யுத்தம் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. 2016-இல் ரியோவில் சாக்‌ஷி மாலிக் இந்தியாவுக்கு வெண்கலம் வென்று தந்தார். நம் மலேசியாவிலேயே 2019-இல் ஃபீனிக்ஸ் என்ற பெயரில் மோதும் நோர் டயானா, தலையில் முக்காடுடன் களமிறங்கி, நான்கு ஆண்களைத் தோற்கடித்துப் பட்டம் வென்றார். அப்போது அவருக்கு வயது 19.

நம் தோட்டப்புறத்துக்கு இந்தக் கதை அந்நியமா? இருட்டு விலகுமுன் பெரட்டுக்கு எழுந்து, மரம் மரமாக வெட்டி, நிறைந்த பால்வாளிகளை ஸ்டோர் வரை சுமந்தவர்கள் நம் பாட்டிமார்கள். அவர்களின் தோள் பலத்தை யாரும் சந்தேகப்பட்டதில்லை. ஆனாலும் 1920-களின் கடைசியில் முக்கிய ரப்பர் வட்டாரங்களில் ஆணுக்கு நாள் சம்பளம் 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றே நிர்ணயித்தார்கள். பலத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள். அதற்கு உரிய மதிப்பைக் கொடுக்கவில்லை.

இன்று நம் தமிழ்ப்பள்ளிகளில் ஓட்டத்திலும் குண்டு எறிதலிலும் முதலாவதாக வரும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாவட்ட நிலை வரை போனவர்களும் இருக்கிறார்கள். அதற்கு மேல் போகிறவர்கள் குறைவு. பயிற்சிக்கு வெளியூர் போக வேண்டும் என்றதும், வயது வந்த பிள்ளை, ஊர் என்ன சொல்லும் என்ற பேச்சு வீட்டுக்குள் தொடங்கிவிடுகிறது. அந்தப் பேச்சில் அக்கறையும் இருக்கிறது, மறுக்க முடியாது. பிள்ளையோடு கூடப் போக ஆள் வேண்டும், பாதுகாப்பு வேண்டும், நம்பகமான பயிற்சியாளர் வேண்டும். அவற்றை ஏற்பாடு செய்து கொடுப்பது பெற்றோர் கையிலும் பள்ளி வாரியத்தின் கையிலும் இருக்கிறது. வாசலை மூடுவது அதைவிடச் சுலபம், அவ்வளவுதான்.

ஹமிதா பானுவை எதிரிகள் யாரும் வீழ்த்தவில்லை. அவரைத் தடுத்தது வீட்டு வாசல். நம் வீட்டுப் பிள்ளை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போட்டிக்குக் கிளம்பும் காலையில், வாசலை மறித்து நிற்கிறோமா, சுங்காய் பேருந்து நிறுத்தம் வரை கூட நடக்கிறோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டால், கல்யாணில் சாலையோரம் பலகாரம் விற்று மறைந்த அந்த அம்மாவுக்கு அதுவே நாம் செய்யும் மரியாதை.