மூதறிஞர் இராஜாஜியும் கூட்டணி ஆட்சியும்

வகுப்புத் தலைவியைத் தேர்ந்தெடுக்க மூவர் போட்டியிட்டால், வாக்குகள் மூன்றாகச் சிதறி ஒருவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமல் போவதுண்டு. ஒரு மாநிலத்துக்கே அந்த நிலை வந்தால் என்ன செய்வது? 1952ஆம் ஆண்டு சென்னை மாநிலத்தில் இக்கேள்வி எழுந்தது. அதற்கு விடை காண அழைக்கப்பட்டவர் மூதறிஞர் இராஜாஜி.

சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் 1878 டிசம்பர் 10ஆம் நாள் ஓசூரை அடுத்த தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். பெங்களூரிலும் சென்னையிலும் பயின்று, சேலத்தில் வழக்கறிஞராகப் பெயர் பெற்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அத்தொழிலைத் துறந்தார். 1930இல் திருச்சியிலிருந்து வேதாரணியத்திற்கு உப்பு யாத்திரையை நடத்திச் சென்று சிறைவாசம் ஏற்றார். 1937 தேர்தலில் காங்கிரஸ் 215 இடங்களில் 159ஐ வென்றதும், அவரே சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அந்நாளில் முதலமைச்சரை அவ்வாறுதான் அழைத்தனர். 1948 முதல் 1950 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வீற்றிருந்தார். அப்பதவியை வகித்த இந்தியர் அவர் ஒருவரே.

இவ்வளவு உயர்ந்த பின் ஓய்வெடுக்க எண்ணியவரை 1952 தேர்தல் மீண்டும் இழுத்தது. அன்றைய சென்னை மாநிலத்தில் ஆந்திரமும் மலபாரும் சேர்ந்திருந்தன. சட்டமன்றத்தில் 375 இடங்கள்; ஆட்சிக்கு 188 பேர் தேவை. காங்கிரசுக்குக் கிடைத்தவையோ 152. முதலமைச்சர் குமாரசாமி ராஜா தம் தொகுதியிலேயே தோற்றார். நம் பூந்தமல்லிக்கு அருகிலுள்ள நசரத்பேட்டையில் பிறந்த பக்தவத்சலமும் அத்தேர்தலில் தோற்றவர்களுள் ஒருவர். மறுபுறம், ஆந்திர கேசரி பிரகாசத்தின் தலைமையில் கம்யூனிஸ்டுகளும் பிறரும் ஓரணியாகி, 166 பேர் தங்கள் பக்கம் என்றனர்.

காங்கிரசார் இராஜாஜியை நாடினர். அவரோ தேர்தலில் நின்றவரல்லர். ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்து, அமைச்சரவை அமைக்க அழைத்தார். பெரிய அணியை விட்டுவிட்டு, மக்களிடம் வாக்குக் கேட்காத ஒருவரை அழைத்தது முறையா என்று பலர் கேட்டனர். பி. ராமமூர்த்தி உயர்நீதிமன்றம் வரை சென்றார், வழக்கு தள்ளுபடியாயிற்று. ஆயினும் அக்கேள்வி நியாயமானதே. யாருக்கும் பெரும்பான்மை இல்லாதபோது ஆளுநர் முதலில் யாரை அழைக்க வேண்டும் என்னும் விவாதம் நம் நாட்டில் அதன் பின்னும் பலமுறை எழுந்திருக்கிறது.

1952 ஏப்ரலில் இராஜாஜி பதவியேற்றார். காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரானார். முஸ்லிம் லீக் உறுப்பினர்களும் சுயேச்சைகள் சிலரும் ஆதரவு தந்தனர். ஜூன் மாதத்தில் அவர் துணிந்து உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். ரேஷன் கடை வாசலில் கால் கடுக்க நின்ற மக்களுக்கு அது பெரும் ஆறுதலாயிற்று. ஜூலையில் நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தபோது 200 பேர் ஆதரித்தனர். 151 பேர் எதிர்த்தனர். ஏப்ரலில் 152 பேருடன் தொடங்கியவர் ஜூலையில் 200 பேரைப் பெற்றுவிட்டார்.

ஆனால் சேர்த்தவர்களைத் தக்கவைப்பது வேறு கலை. 1953இல் கிராமத்துத் தொடக்கப்பள்ளிகளில் புதிய கல்வித் திட்டம் ஒன்றை அவர் புகுத்தினார். பிள்ளைகள் நாளுக்கு மூன்று மணி நேரம் படித்தால் போதும். மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத நாளில், இரண்டு முறை வைத்து இருமடங்கு பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது அவரது கணக்கு. வண்ணார் மகன் வண்ணாராகவும், குயவர் மகன் குயவராகவுமே இருக்க வேண்டுமா என்று மக்கள் கொதித்தனர். குலக்கல்வித் திட்டம் என்றே அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. தந்தை பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் தெருவில் இறங்கிப் போராடினர். சட்டமன்றத்தில் முன்னதாக விவாதிக்காமல் கொண்டுவந்தாரே என்று சொந்தக் கட்சியாரே வருந்தினர். திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்தில் வாக்குகள் இருபுறமும் சமமாக நின்றன. ஆட்சி தப்பியது, செல்வாக்கு தப்பவில்லை. 1954இல் அவர் உடல்நலத்தைக் காரணம் காட்டி விலகினார்.

அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். கட்சித் தலைவர் தேர்தலில் தம்மை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையும், அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் தம் அமைச்சரவையிலேயே அமர்த்திக் கொண்டார். உழைப்பாளர் கட்சியின் இராமசாமிப் படையாச்சிக்கும் இடம் தந்தார்.

1955 ஜனவரியில் நம் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சமதர்மப் பாணியிலான சமுதாயமே குறிக்கோள் என்று தீர்மானித்தது. அப்பாதையில் இராஜாஜிக்கு உடன்பாடு இல்லை. 1959இல், எண்பது வயதில், சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 1967இல் தம்மைக் கடுமையாக எதிர்த்து வளர்ந்த திராவிட முன்னேற்றக் கழகத்துடனேயே கைகோத்தார். அக்கூட்டணி பக்தவத்சலத்தின் ஆட்சியை வீழ்த்தியது. ஆனால் கழகம் தனியாகவே பெரும்பான்மை பெற்றுவிட்டதால், 20 இடங்களை வென்ற சுதந்திராக் கட்சிக்கு அமைச்சரவையில் இடமில்லை. 1971இல் அவர் தம் பழைய போட்டியாளர் காமராசருடன் சேர்ந்து கழகத்தை எதிர்த்தார். அம்முறை தோல்வியே கிட்டியது. 1972ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புப் பெருநாளன்று, 94ஆம் வயதில் மறைந்தார்.

சிறு எண்ணிக்கையுடன் ஆட்சி நடத்துவது அவரோடு முடிந்துவிடவில்லை. 1999இல் வாஜ்பாயி அரசு ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்தது. 2006இல் 234க்கு 96 இடங்களே பெற்ற தி.மு.க. அரசோ, தோழமைக் கட்சிகளின் ஆதரவால் ஐந்தாண்டும் நிலைத்தது.

தோழியரே, பதினெட்டு வயது நிறைந்ததும் நாமும் வாக்களிக்கப் போகிறோம். அறிவில் இராஜாஜிக்கு இணையானவர் அந்நாளில் வெகு சிலரே. அவ்வறிவு அவருக்கு ஆட்சியைச் சேர்த்துத் தந்தது. கலந்து பேசாமல் செய்த ஒரு செயல் அதைக் கரைத்துவிட்டது. பெரும்பான்மை என்பது ஒருநாள் எண்ணி முடிப்பதன்று. நாள்தோறும் பிறர் சொல்லுக்குச் செவிகொடுத்துக் காக்க வேண்டியது. வீட்டிலும் வகுப்பிலும் இன்றே நாம் அதைப் பழகலாம்.