கடலைப் பார்த்தவர், கண்ணையும் பார்த்தார்!



சர் சி.வி. இராமன் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? 1930ல் நோபல் பரிசு, பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம், கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்ற கேள்வி. பரீட்சைக்கு இது போதும். ஆனால் அவருடைய கடைசிப் பத்து வருடங்களைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்த பகுதி.

1888 நவம்பர் 7ந் தேதி திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். 11 வயதில் மெட்ரிக். சென்னை மாநிலக் கல்லூரியில் தங்கப் பதக்கத்தோடு பி.ஏ., பிறகு எம்.ஏ. இங்கிலாந்து குளிர் இந்த உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் தடுத்துவிட்டதால், 1907ல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாகச் சேர்ந்தார். ஆபீஸ் முடிந்ததும் வீட்டுக்கா போனார்? பவ்பஜார் தெருவில் இருந்த அறிவியல் கழகத்துக்குப் போய் சோதனை செய்துகொண்டிருந்தார். 1917ல் அந்தப் பெரிய உத்தியோகத்தையே விட்டுவிட்டு, குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியர் ஆனார். 1928ல் கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து, ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது அதில் கொஞ்சம் நிறம் மாறி வருவதைக் கண்டுபிடித்தார்.

1933ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு இயக்குநராக வந்தார். கமலா பாக்வத் என்ற மாணவி அங்கே ஆராய்ச்சிக்கு இடம் கேட்டபோது, பெண் என்பதற்காக மறுத்தார். அவர் விடவில்லை. கடைசியில் ஒரு வருடம் பார்க்கலாம் என்ற நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார். அந்த மாணவியின் வேலையைப் பார்த்து இராமன் திருப்தி அடைந்தார், பிறகு மற்றப் பெண்களுக்கும் கதவு திறந்தது. கமலா சோஹோனி என்று பின்னால் பேர் வாங்கிய உயிர்வேதியியல் அறிஞர் இவர்தான்.

1948ல் பெங்களூரில் தன் பெயரிலேயே ஆராய்ச்சி நிலையம் அமைத்தார். 70 வயதைத் தாண்டியவர் அங்கே என்ன செய்தார் தெரியுமா? பூக்களின் நிறத்தையும், அதைப் பார்க்கிற கண்ணையும் ஆராய ஆரம்பித்தார்! பெரிய மெஷின் எதுவும் இல்லை. நிறக் கண்ணாடி ஒன்றைக் கண் முன்னால் பிடித்து, பளிச்சென்ற திரையைப் பார்ப்பார். சட்டென்று கண்ணாடியை எடுத்துவிடுவார். அப்போது திரையில் தெரிவது தன் விழித்திரையின் உருவமே என்றார். 1968ல் கண்பார்வையின் உடலியல் பற்றி ஒரு புத்தகமும் வெளியிட்டார்.

மூன்று வகை நிற உணர்வு செல்களால்தான் நிறம் தெரிகிறது என்ற கொள்கையை அதில் அவர் ஏற்கவில்லை. ஆனால் 1964லேயே அமெரிக்காவில் கூம்பு செல்களை ஒவ்வொன்றாக அளந்து, மூன்று வகை இருப்பதைக் காட்டிவிட்டார்கள். 1967ல் நோபல் பரிசு ஜார்ஜ் வால்டு உள்ளிட்ட மூன்று பார்வை ஆராய்ச்சியாளர்களுக்குப் போனது. இராமன் சொன்னதை உலகம் ஏற்கவில்லை. 1970 நவம்பர் 21ல் அவர் காலமானார்.

அவர் தேடிய விடையின் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான் வந்தது. நம்ம பாஷையில் சொன்னால் அது ஒரு ரிலே சர்க்யூட். இருட்டில் விழித்திரையின் குச்சி செல்லில் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். ஜி.எம்.பி. என்ற சின்ன மூலக்கூறின் வளைய வடிவம் செல்லின் வாசலைத் திறந்து வைத்திருக்கும். வெளிச்சம் பட்டதும் ரோடாப்சின் விழிக்கிறது, அது டிரான்ஸ்டியூசினை எழுப்புகிறது, அது பாஸ்போடைஎஸ்டரேஸ் என்ற நொதியைத் தட்டிவிடுகிறது. நொதி அந்த மூலக்கூறுகளை மளமளவென்று உடைக்க, வாசல் மூடுகிறது, கரண்ட் குறைகிறது. அந்தக் குறைவுதான் மூளைக்குப் போகும் சேதி! அதாவது வெளிச்சம் வந்தால் ஆன் ஆவதில்லை, ஆஃப் ஆகிறது. இந்தப் படிகளின் வழியே சேதி பெருகுவதால் ஒரே ஒரு ஒளித்துகளைக்கூட குச்சி செல் உணர்ந்துவிடும். வாசலைத் திறப்பது அந்த மூலக்கூறுதான் என்று சோவியத் விஞ்ஞானிகள் 1985ல் காட்டினார்கள்.

வேறு நொதிகள் ரோடாப்சினை அடக்கி, உடைந்த மூலக்கூறைத் திரும்பச் செய்து, செல்லைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். கிரிவலத்தில் தெருவிளக்கு வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போனால் முதலில் ஒன்றும் தெரியாது, போகப் போகத் தெரியும் இல்லையா? வெளுத்துப்போன ரோடாப்சின் மறுபடி சேர்வதற்கு அத்தனை நேரம் ஆகிறது. அதற்கு வைட்டமின் ஏ வேண்டும். அது குறைந்தால் மாலைக்கண். முருங்கைக்கீரையைச் சாப்பிடு என்று ஆயா சொல்வது சும்மா இல்லை.

எங்கள் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவன் நான். புத்தகத்தில் அச்சடித்தது, பெரியவர் சொன்னது எல்லாமே வேதம் என்றுதான் வளர்ந்தேன். நோபல் பரிசு வாங்கினவரே தப்பாகச் சொல்லலாம் என்று தெரிந்தபோது ஒரு மாதிரி ஆகிவிட்டது. யோசித்துப் பார்த்தால் அதில்தான் நமக்குத் தைரியம் இருக்கிறது. பேரைப் பார்த்து உண்மை வருவதில்லை, சோதனையைப் பார்த்துத்தான் வரும். அந்தச் சோதனையை நாமும் செய்யலாம்.

அதற்காக இராமன் சிறியவர் ஆகிவிட மாட்டார். பட்டம் பதவி எல்லாம் கிடைத்த பிறகும், ஒரு நிறக் கண்ணாடியை வைத்துக்கொண்டு புதுக் கேள்வி கேட்டாரே, அந்த மனசு எத்தனை பேருக்கு வரும்? லேபில் ரீடிங்கைப் பக்கத்து நோட்டில் பார்த்து எழுதாமல், நாமே ஒருமுறை எடுத்துப் பார்ப்போம். அதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை.