கனவில் கிடைத்த சோதனை

காலையில் எழுந்து, இராத்திரி கண்ட கனவைத் தோழியிடம் சொல்ல வாயெடுப்போம்; அதற்குள் பாதி மறந்திருக்கும். அப்படி மறந்துபோன ஒரு கனவுக்காக ஒரு பகல் முழுவதும் தவித்தவர் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி.

1873-ம் ஆண்டு ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் நகரில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். கலை வரலாறு படிக்க ஆசைப்பட்டவர், வீட்டாருக்காக வைத்தியம் படித்தார். ஆஸ்பத்திரியில் காசநோயாளிகள் மருந்தில்லாமல் மடிவதைக் காணப் பொறுக்காமல் ஆராய்ச்சிப் பக்கம் திரும்பினார். 1909-ல் ஆஸ்திரியாவிலுள்ள கிராஸ் நகரில் பேராசிரியரானார்.

நரம்பு இதயத்துக்குக் கட்டளையிடுவது மின்சாரத்தாலா, ரசாயனத்தாலா? ரசாயனமாக இருக்கலாம் என்று 1903-லேயே அவருக்குத் தோன்றியது. நிரூபிக்கத்தான் வழி தெரியவில்லை.

1920-ம் ஆண்டு, உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின இரவு. வழி கனவில் வந்தது! பாதித் தூக்கத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் கிறுக்கிவிட்டுப் படுத்தார். விடிந்து பார்த்தால், தம் கையெழுத்து தமக்கே புரியவில்லை. (நம் நோட்டுப் புத்தகங்களைத் திருத்தும் சிஸ்டர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும்.) மறுநாள் இரவு மூன்று மணிக்கு அதே எண்ணம் திரும்ப வந்தது. இந்தத் தடவை அவர் காகிதத்தை நம்பவில்லை. எழுந்து நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போனார்.

இரண்டு தவளை இதயங்களை உப்பு நீரில் துடிக்க விட்டார். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு தளர்ந்தது. அதைச் சூழ்ந்திருந்த நீரை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். நரம்பே தொடாத அந்த இதயமும் தளர்ந்தது! நரம்பிலிருந்து ஏதோ ஒரு பொருள் நீரில் கசிந்திருக்கிறது. அதுவே அசிட்டைல்கோலின். 1936-ல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசு கிடைத்தது.

1938 மார்ச்சில் நாஜிகள் ஆஸ்திரியாவில் நுழைந்த இரவே அவரைச் சிறையில் அடைத்தார்கள். கொல்லப்படுவோம் என்றே எண்ணினார். அப்போதும் அவர் கேட்டு வாங்கியது ஒரு தபால் கார்டு! கடைசி ஆராய்ச்சியின் முடிவை அதில் எழுதி ஒரு விஞ்ஞானப் பத்திரிகைக்கு அனுப்பியபின்தான் மனம் ஆறினார். பரிசுப் பணத்தைப் பறிகொடுத்து நாட்டைவிட்டு வெளியேறினார். மனைவி அவரிடம் வந்துசேர 1941 ஆயிற்று. 1961-ல், கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று, நியூயார்க்கில் காலமானார்.

உறக்கத்தில் மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் நேரங்கள் உண்டு என்றும், அப்போது எழுப்பினால் பெரும்பாலோர் கனவு கண்டதாகச் சொல்கிறார்கள் என்றும் 1953-ல் சிக்காகோவில் கண்டறிந்தார்கள். அவ்வேளையில் மூளைத் தண்டிலிருந்து மேலே பாய்ந்து மூளையை விழிக்கச் செய்யும் ரசாயனங்களுள் முக்கியமானது எது தெரியுமா? லோவி கண்ட அதே அசிட்டைல்கோலின்தான். நினைவைப் பதிக்க உதவும் நார்அட்ரினலின் அப்போது மிகவும் குறைந்துவிடுகிறது. கனவு சட்டென மறப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள்.