மன்றத்தில் ஒரு மருத்துவர்

1927ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் மருத்துவர் ஒருவர் உறுப்பினராகப் பொறுப்பேற்றார். பிரித்தானிய இந்தியாவின் சட்டமன்றம் எதிலும் அதற்கு முன்னர்ப் பெண்ணொருவர் அமர்ந்ததில்லை. உறுப்பினர்கள் ஒருமனதாக அவரையே மன்றத்தின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தனர். அவர்தாம் முத்துலெட்சுமி.

அவர் வாக்குப் பெற்று வந்தவரல்லர். சென்னை மாகாணப் பெண்கள் 1921இல் வாக்குரிமை பெற்றிருந்தாலும், தேர்தலில் நிற்கும் உரிமை 1926இல்தான் கிடைத்தது. அவ்வாண்டே தேர்தலில் நின்ற கமலாதேவி சட்டோபாத்தியாய மிகக் குறைந்த வாக்கு வேறுபாட்டில் தோற்றார். ஆகவே, இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் அரசின் நியமன உறுப்பினராகவே முத்துலெட்சுமி மன்றத்திற்குள் நுழைந்தார். நியமன உறுப்பினருக்குப் பின்னால் வாக்காளர் திரள் கிடையாது. கட்சியின் பாதுகாப்பும் கிடையாது. நியமித்த அரசுக்கு நன்றியுடன் தலையசைத்துவிட்டு அமர்ந்திருப்பதே அன்றைய வழக்கமாக இருந்தது. கையில் கிடைத்த இந்தச் சிறிய அதிகாரத்தை அவர் என்ன செய்தார் என்பதுதான் அவரது வாழ்வின் சிறப்பான பகுதி.

முத்துலெட்சுமி 1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி, மகாராசா கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். தாயின் பிறப்பைச் சுட்டி ஊரார் பேசிய பேச்சு சிறுமியின் காதில் விழாமல் இருந்திருக்க முடியாது. பிற்காலத்தில் அவர் எதிர்த்த வழக்கம் ஏட்டில் படித்தறிந்ததன்று, வீட்டிற்குள்ளேயே கண்டறிந்தது.

ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராசா கல்லூரியில் சேர அவர் விண்ணப்பித்தபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாது இடமளித்தார். ஒரு மன்னரின் ஒற்றை ஆணை, ஊர்க்கட்டுப்பாடு அடைத்து வைத்த கதவைத் திறந்துவிடக்கூடும் என்பதை இளமையிலேயே கண்டவர் முத்துலெட்சுமி. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் சிறப்புடன் தேர்ச்சி பெற்றார். 1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களில் குறுக்கிடலாகாது என்பன மணத்திற்கு அவர் விதித்த நிபந்தனைகள். 1925இல் உயர்கல்விக்காக இங்கிலாந்து சென்றார். அடுத்த ஆண்டு பாரிசில் நடைபெற்ற பன்னாட்டுப் பெண்கள் மாநாட்டில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார். தொழில் செழித்திருந்த நேரத்தில்தான் சட்டமன்ற அழைப்பு வந்தது. மருத்துவப் பணி கெடும் என்று தயங்கியவர், பிறகே ஏற்றுக்கொண்டார்.

மன்றத்தில் அவர் கையில் எடுத்தவற்றுள் கடினமானது, பெண் குழந்தைகளுக்குக் கோயிலில் பொட்டுக்கட்டும் வழக்கம். 1927 நவம்பரில், இவ்வழக்கத்தைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்னும் தீர்மானத்தை அவர் கொண்டுவந்தார். தீர்மானம் நிறைவேறியது. ஆனால், தீர்மானம் அரசிடம் வைக்கும் வேண்டுகோள் மட்டுமே; அரசு அதனைக் கிடப்பில் போட்டாலும் கேட்பாரில்லை. சமய வழக்கங்களில் தலையிடுவதில்லை என்று சொல்லிக்கொள்வது ஆங்கில ஆட்சிக்கு வசதியாகவே இருந்தது.

இவ்விடத்தில் முத்துலெட்சுமி ஒன்றைத் தெளிவாக உணர்ந்தார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை நம்பிக்கை மட்டும் தாங்கி நிற்கவில்லை. நிலமும் தாங்கி நின்றது. கோயிற்பணி செய்யும் தேவதாசிக் குடும்பத்திற்கு மானியமாக நிலம் விடப்பட்டிருந்தது. பணி நின்றால் நிலமும் போய்விடும். அடுத்த தலைமுறையில் ஒரு பெண்ணுக்கேனும் பொட்டுக்கட்டாவிட்டால் குடும்பத்தின் சோறே கேள்விக்குறியாகும். மகளை விடுவிக்க விரும்பிய தாய்க்கும் துணிவு வராததன் காரணம் இதுவே. அறிவுரை கூறும் சீர்திருத்தச் சொற்பொழிவுகள் இந்த முடிச்சை அவிழ்க்கமாட்டா. ஆகவே அவர் இந்து சமய அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தத்தை முன்வைத்தார். அது 1929இல் சட்டமானது. அதன்படி, கோயிற்பணி செய்யாமலே அந்நிலங்களை அக்குடும்பங்கள் வைத்துக்கொள்ளலாம். பணிக்கு ஈடாகக் கோயிலுக்கு ஒரு தொகை செலுத்தினால் போதும். பார்வைக்கு வறண்ட வருவாய்த்துறைத் திருத்தம் இது. எனினும், அவரது மேடைப்பேச்சுகள் அனைத்தையும்விட ஆழமாக வேரை அறுத்தது இதுவே எனலாம்.

எதிர்ப்பு பல திசைகளிலிருந்து வந்தது. சத்தியமூர்த்தி போன்ற தேசியத் தலைவர்கள் சிலரே கோயில் மரபும் கலைமரபும் அழிந்துவிடும் என்றனர். தேவதாசிகள் பலரும் சங்கமாகத் திரண்டு அரசுக்கு விண்ணப்பங்கள் அனுப்பினர். தாங்கள் இசையையும் நடனத்தையும் காத்துவந்தவர்கள்; பெண்வழியில் சொத்துரிமையும், பெண்ணைத் தத்தெடுக்கும் உரிமையும் உடையவர்கள்; தங்களைக் கலந்துகொள்ளாமலே தங்களுக்குச் சட்டம் செய்வது முறையா என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. அன்றைய குடும்பப் பெண்களுக்கு இல்லாத கல்வியும் சொத்தும் தேவதாசிகளுள் ஒரு பகுதியினருக்கு இருந்தன. முத்துலெட்சுமி அவர்களது கலைத்திறனை மறுக்கவில்லை. ஆனால், முடிவெடுக்கும் வயதை அடையாத சிறுமியின் வாழ்வைப் பிறர் முடிவு செய்யலாகாது என்பதில் உறுதியாக நின்றார். அம்மரபின் துயரைத் தாமே அறிந்திருந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று அவ்வழக்கத்திற்கு எதிராகப் பேசியது முத்துலெட்சுமியின் தரப்புக்கு வலுச் சேர்த்தது.

குழந்தை மணத்தைத் தடுக்கும் முயற்சிக்கும் அவர் மன்றத்தில் ஆதரவு திரட்டினார். அதன்பின், பொட்டுக்கட்டுவதையே குற்றமாக்கும் சட்டமுன்வரைவை 1930ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மன்றத்தில் வைத்தார். முன்வரைவு கருத்தறிவதற்காகச் சுற்றுக்கு விடப்பட்டது. மூன்றாண்டு உழைப்பு கனியும் தறுவாயில் நாட்டில் உப்புச் சத்தியாக்கிரகம் மூண்டது. மே 5ஆம் நாள் காந்தியடிகள் கைது செய்யப்பட்டார்.

முத்துலெட்சுமியின் முன் இரண்டு வழிகள் இருந்தன. பதவியில் நீடித்தால் முன்வரைவைச் சட்டமாக்கப் போராடலாம். ஆனால், காந்தியடிகளைச் சிறையிலிட்ட அரசு தந்த இருக்கையிலேயே அமர்ந்திருக்க வேண்டும். விலகினால் மனச்சான்று நிற்கும். முன்வரைவு ஆதரவற்றுப் போகும். அவர் துணைத் தலைவர் பதவியையும் உறுப்பினர் பதவியையும் துறந்தார். அஞ்சியவாறே முன்வரைவு கிடப்பில் விழுந்தது. அம்முடிவு சரியா என்று இன்றும் வாதிடலாம். அவர் விலகாதிருந்தால் சில நூறு சிறுமியரேனும் முன்னதாகக் காப்பாற்றப்பட்டிருக்கக்கூடும். மறுபுறம், ஒடுக்குமுறை ஆட்சியின் நியமனத்தில் ஒட்டிக்கொண்டிருந்திருந்தால் அவரது சொல்லுக்கு மக்களிடையே மதிப்பு எஞ்சியிருக்குமா என்பதும் ஐயமே.

பதவி போனபின் அவர் ஓய்ந்திருக்கவில்லை. பொட்டுக்கட்டிலிருந்து தப்பிவந்த சிறுமியருக்கு விடுதிகளில் இடம் கிடைக்காதிருந்தது. தாயின் பிறப்பு அங்கும் பின்தொடர்ந்தது. தம் வீட்டிலேயே அவர்களுக்கு இடமளித்து, அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். பின்னர் அது அடையாற்றில் பள்ளியும் விடுதியுமாக வளர்ந்தது.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவர் மனத்திலிருந்து நீங்கவில்லை. இந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று பல ஆண்டுகள் அரசின் கதவைத் தட்டினார். அரசு இணங்காத நிலையில் மக்களிடம் நிதி திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 சூன் 18ஆம் நாள் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் செயல்படத் தொடங்கியது. 1956இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது.

அவர் விட்டுச்சென்ற சட்டமுன்வரைவு என்னவாயிற்று? நாடு விடுதலை பெற்ற சில வாரங்களில், 1947 அக்டோபர் 9ஆம் நாள், தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேற்றப்பட்டது. அவர் பதவி துறந்து அப்போது 17 ஆண்டுகள் கழிந்திருந்தன. 1968 சூலைத் திங்கள் 22ஆம் நாள், 81 வயது நிறைந்து 82ஐ எட்டவிருந்த நிலையில் முத்துலெட்சுமி சென்னையில் மறைந்தார்.