இன்சுலின் தந்த பெருந்தகை பான்ரிங்

நீரிழிவு என்னும் சொல்லை அறியாத இல்லம் நம்மவரிடையே அரிது. இன்று அந்நோயாளர் மருந்தின் துணையுடன் பல்லாண்டு வாழ்வதை நாம் காண்கின்றோம். 1922ஆம் ஆண்டுக்கு முன்னரோ, அது ஒரு சிறுவனைப் பற்றினால், பட்டினிக்கு ஒப்பான உணவுக் கட்டுப்பாட்டினால் அவன் வாழ்நாளைச் சிறிது நீட்டலாமேயன்றிக் காத்தல் இயலாது. அந்நிலையை மாற்றியவருள் முதன்மையானவர் சேர் பிரெடெரிக் பான்ரிங்.

இவர் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், அலிஸ்ரன் என்னும் ஊரையடுத்த பண்ணையொன்றில் 14.11.1891 அன்று பிறந்தார். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, முதல் உலகப் போரில் படைமருத்துவராகப் பணியாற்றினார். 1918இல் காயமுற்ற நிலையிலும் வீரர்க்குச் சிகிச்சை அளித்தமைக்காக விருது பெற்றார்.

நாயின் கணையத்தை அகற்றினால் அதற்கு நீரிழிவு தோன்றும் என்பதை 1889இலேயே மின்கோவ்ஸ்கி, மேரிங் ஆகிய இரு ஜெர்மானிய அறிஞர் கண்டிருந்தனர். மனித நோயைக் காட்டும் கண்ணாடியாக அவ்விலங்கு அமைந்தது. 1920 ஒக்ரோபர் இறுதியில், விரிவுரைக்கு ஆயத்தம் செய்த இரவொன்றில், கணையத்திலிருந்து அம்மருந்தைப் பிரித்தெடுக்கும் வழியொன்று பான்ரிங்கின் உள்ளத்தில் உதித்தது. பேராசிரியர் மக்லியோட் ஆய்வுகூடமும் நாய்களும் தந்து, சாள்ஸ் பெஸ்ற் என்னும் மாணவரையும் துணைக்களித்தார்.

1921 மே மாதம் ஆய்வு தொடங்கியது. கோடை வெப்பத்தில் நாய்கள் பல மாண்டன. எனினும் முயற்சி தளரவில்லை. கணையச் சாற்றை ஏற்றியபோது நாயின் குருதியிற் சர்க்கரை குறைந்தது. மார்ஜரி என்னும் நாய் கணையமின்றியே ஏறத்தாழ 70 நாள் வாழ்ந்தது. கொலிப் என்னும் வேதியியலறிஞர் சாற்றைத் தூய்மைப்படுத்தினார். 1922 ஜனவரியில் லியோனார்ட் தொம்சன் என்னும் சிறுவன் அதனால் உயிர் பிழைத்தான். கண்டுபிடித்தோர் உரிமையை ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். 1923இல் மக்லியோட்டுடன் நோபல் பரிசு பெற்ற பான்ரிங், தம் பங்குப் பணத்தில் பாதியைப் பெஸ்ற்றுக்கு ஈந்தார். 1941இல் விமான விபத்தில் உயிர்நீத்தார்.

இன்சுலின் உயிர் காத்ததேயன்றி நோயை வேரறுக்கவில்லை. நோயாளர் நெடுங்காலம் வாழவே, சிறுநீரகத்தின் நுண்குழாய்களும் இதயத்தின் நாடிகளும் பழுதுறுவது வெளிப்பட்டது. மனிதரிடம் இப்பழுது தோன்றப் பல ஆண்டுகள் செல்லும். எலியிடமோ சில மாதங்களிலேயே அதன் தொடக்கத்தைக் காணலாம். ஆதலின் இன்சுலின் சுரக்கும் கலங்களை மருந்தால் அழித்த எலிகளையும், பிறவியிலேயே நீரிழிவுக்கு ஆளாகும் எலிகளையும் கொண்டு அறிஞர் ஆராய்கின்றனர். ஆயினும் எலி மனிதனாகாது. சுண்டெலியின் நாடிகளில் இயல்பாகக் கொழுப்பு எளிதில் படிவதில்லை. எனவே, எவ்விலங்கும் மனித நோயை முழுமையாகக் காட்டுவதில்லை. எலியைக் குணப்படுத்திய மருந்துகள் பல மனிதரிடம் பயனற்றுப் போயின.

வாயில்லா உயிர்களின் துன்பத்தால் விளைந்த அறிவு இது. அதனை வீணாக்குதல் நன்றி மறத்தலாகும். தெற்காசிய மக்களை நீரிழிவு மிகுதியாகப் பற்றுகின்றது. ஆதலின் பெற்றோர் குருதிச் சர்க்கரையையும், சிறுநீரிற் புரதத்தையும் காலந்தவறாது சோதித்தல் வேண்டும். பான்ரிங் பிறந்த நாளையே உலக நீரிழிவு நாளாகக் கொண்டாடுகின்றோம். மாணவச் செல்வங்களே, எலி மனிதனாகாத அவ்விடைவெளியை நிரப்பும் ஆய்வாளர் உங்களிடையே தோன்றுவாராக!